சாமந்திக்குள் ஒரு குடும்பம்

காரைக்காலில் உறவினர் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஓர் உப்புநீர்த் தொட்டி. உள்ளே விரல் நீளத்தில் ஒரு கோமாளி மீன், ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டையோடு. ஒன்றே ஒன்றுதான். "பெரியப்பா, இது நம்ம கடல்ல இருக்கா?" என்று கேட்டாள் அந்த வீட்டுச் சிறுமி.

இல்லை. இங்குள்ள கிளிஞ்சல்மேட்டு மீனவர்களின் படகுகளுக்கு மத்தி கிடைக்கும், இறால் கிடைக்கும், இது கிடைக்காது. இது பவளப்பாறை மீன். பவளம் வளரத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். நம் கடலோ அரசலாறும் மற்ற ஆறுகளும் கொண்டுவரும் வண்டலில் கலங்கியது. வயலுக்கு உயிர் கொடுத்த அதே வண்டல் பவளத்தின் மேல் படிந்தால் அது மூச்சுமுட்டிச் சாகும். பவளப்பாறைகளைப் பார்க்கத் தெற்கே, ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போக வேண்டும். 1986 முதல் அது தேசியப் பூங்கா. அங்கே வாழும் கோமாளி மீனுக்குக் கரும்பழுப்பு உடம்பும் மஞ்சள் வாலும் இருக்கும். தொட்டியில் இருந்தது அந்தமான் கடலில் காணப்படும் இனம்.

அதன் வீடு கடல் சாமந்தி. பூப்போலத் தெரியும் அந்த உயிரின் இதழ்கள் மற்ற மீன்களைக் கொட்டும். உடம்பின் வழவழப்பு காப்பதால் கோமாளிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம். பெரியது பெண், அடுத்தது அதன் ஆண், மற்றவை வளராத சிறுசுகள். பாறையில் ஒட்டிய முட்டைகளை அப்பன்தான் இரவு பகலாகத் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகே குஞ்சு பொரியும். தாய் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். சிறுசுகளில் பெரியது அதற்குத் துணையாகும். நான் இதை முதலில் படித்த அன்று வெகு நேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

தொட்டிக்காக இப்படி ஒரு வீட்டிலிருந்து கண்ணில் படும் பெரிய மீனை வலை போட்டு எடுத்தால், மிஞ்சியவை தங்களை மாற்றிக்கொண்டு மறுபடி முட்டையிட மாதக்கணக்காகும். குடும்பத்தையே அள்ளிவிட்டால், காவல் இல்லாத சாமந்தியை வண்ணத்துப்பூச்சி மீன்கள் கொறிக்க வரும்.

கடலில் பிடிக்கத் தேவையே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். மண்டபம் ஊரிலுள்ள, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்த ஆரஞ்சு இனத்தையே வெள்ளாற்று முகத்துவார நீரில் பொரிக்க வைத்தது. பவளமே இல்லாத, நம்முடையதைப் போன்ற கலங்கல் கரையில்!

உறவினரிடம் மீன் எங்கே பிறந்தது என்று கேட்டேன். கடையில் விலையைத்தான் சொன்னார்கள் என்றார். நீங்கள் வாங்கப் போனால் இதைக் கேளுங்கள்: பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.