பலகையில் நம் எல்லை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதப் படம் விரிப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். எந்தப் பாம்பு எந்தத் தீங்கு, எந்த ஏணி எந்த நற்குணம் என்று பாட்டிமார் சொல்லப் பிள்ளைகள் நீதி கற்றனர்.

மேல்நாட்டார் பலகையில் பூகோளமும் கற்பித்தனர். 1759-இல் ஜான் ஜெஃப்ரீஸ் லண்டனில் வெளியிட்ட ஐரோப்பியப் பயண விளையாட்டில் ரோமாபுரிக் கட்டத்தில் நிற்பவர், போப்பாண்டவரின் பாதத்தை முத்தமிட்ட குற்றத்துக்காக ஐஸ்லாந்துக்கு விரட்டப்பட்டு மூன்று ஆட்டம் இழக்க வேண்டும்! பூகோளத்தோடு மதத் துவேஷமும் சேர்ந்து வந்தது. 1904-இல் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி, நில ஏகபோகத்தின் கேட்டை உணர்த்த ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்து 1935-இல் சந்தைக்கு வந்த 'மோனோபொலி'யோ, பிறரை ஓட்டாண்டியாக்குபவனே வென்றவன் என்றது. நம் பிள்ளைகள் ஆடும் 'டிரேட்' அதன் வாரிசுதான். பம்பாயை விலைக்கு வாங்கும் பாறசாலைச் சிறுவனுக்கு, நெய்யாறு அகத்திய மலையில் பிறப்பது தெரியுமா?

அவனுக்கு ஒரு பலகை ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது. 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்-கன்னியாகுமரி ரயில் பாதையைத்தான் சொல்கிறோம். நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை; அடுத்து குழித்துறை மேற்கு. அதற்குள் மாநிலம் மாறிவிடும். வண்டி குலுங்குவதுகூட இல்லை. 1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரள அரசு. இவையெல்லாம் கட்டங்களாகட்டும்.

ஏணிகளும் உண்டு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு ஒன்று. தமிழருக்கும் கன்னடருக்கும் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்புக்கு இடமளிக்கும் 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் மற்றொன்று. பிள்ளைகள் இருக்கட்டும், பெரியவர்களில் எத்தனை பேர் இவற்றை அறிவர்? காலியாகக் கிடக்கும் தமிழாசிரியர் பணியிடம் ஒரு பாம்பு. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004-இல் நின்றதும், 2012-இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றதும் இன்னொரு பாம்பு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஜெஃப்ரீஸ் ரோமாபுரிக்குச் செய்ததை நாம் செய்யலாகாது. அண்டை வீட்டு மலையாளப் பிள்ளையும் உட்கார்ந்து ஆடும்படி, இரு மொழியிலும் கட்டங்களை எழுத வேண்டும். எல்லையோரத் தமிழ்ச் சங்கங்களும் வாசகசாலைகளும் கோடை விடுமுறைக்கு முன்பே இதைத் தொடங்கலாம். ஓர் அட்டையும் சாயப் பென்சிலும் போதும். தாயக்கட்டை எந்த வீட்டுப் பரணிலும் கிடக்கும்.