மாவுப்பூச்சிக்குக் கடப்பிதழ் வேண்டாம், குளவிக்கு வேண்டும்

மரவள்ளிச் செடியின் நுனி இலைகள் சுருண்டு கொத்தாகி, அவற்றுக்கு இடையில் வெள்ளை மாவு அப்பியது போல் இருந்தால், அது மரவள்ளி மாவுப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். செதில் பூச்சிகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் தென் அமெரிக்கா. 2008-இல் தாய்லாந்திலும் 2010-இல் இந்தோனேசியாவிலும் இது கண்டறியப்பட்டது. மலேசியாவில் இருப்பது 2015-இல் அறிவியல் இதழில் பதிவானது. 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, தமிழ்நாட்டுக்கும் பரவியது.

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காத நாள்களில் நம் முன்னோர் உயிர் பிழைக்க உதவிய கிழங்கு மரவள்ளி. இன்று அது கோடிக்கணக்கான வெள்ளி புழங்கும் ஏற்றுமதிப் பயிர். அதன் முன்னணி ஏற்றுமதியாளரான தாய்லாந்தில், 2009-இல் ஏறத்தாழ 30 மில்லியன் டன்னாக இருந்த விளைச்சல், மறு ஆண்டு 22 மில்லியன் டன்னுக்கு இறங்கியது. வறட்சியும் மாவுப்பூச்சியும் சேர்ந்து அடித்த அடி அது.

பூச்சி எப்படிக் கடல் கடக்கிறது?

மரவள்ளியை விதைப்பதில்லை; குச்சியை வெட்டி நடுகிறோம். அந்தக் குச்சியோடு பூச்சியும் பயணம் செய்கிறது. இந்த இனத்துக்கு ஆண் பூச்சி தேவையில்லை. ஒரு பெண் பூச்சி தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மெழுகுப் பூச்சும் சுருண்ட இலைகளும் அதை மருந்திலிருந்து காப்பாற்றுகின்றன. புதிய நாட்டில் அதைக் கட்டுப்படுத்தும் எதிரியும் பெரும்பாலும் இருப்பதில்லை.

தாயகத்தில் எதிரி உண்டு. அனகைரஸ் லோபெஸி என்னும் ஒட்டுண்ணிக் குளவி, நீளம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். சில வாரங்களில் காய்ந்த கூட்டைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி வெளியே வரும். மனிதரை இது கொட்டாது.

பெயர் தவறினால் குளவியும் தவறும்

1970-களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்தபோது, ஆய்வாளர்கள் எதிரியைத் தேடி தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். அதன் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டு, அதைத் தாக்கும் குளவிகளைச் சேகரித்தனர். அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் இனம் பெருக்கவில்லை. காரணம், வடக்கில் கண்டது பார்வைக்கு ஒத்த வேறோர் இனம். சரியான இனம் 1981-இல் பராகுவேயில் கிடைத்தது. சரியான குளவியும் அங்கேயே கிடைத்தது. அதே ஆண்டு நைஜீரியாவில் அதை வெளியில் விட்டனர். இம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

எந்தக் குளவி, எந்தப் பூச்சியில், எந்த நாட்டில் வாழ்கிறது என்ற பட்டியல் ஆய்வகத்து அலமாரிக்கு மட்டும் உரியதன்று. உழவரின் வருமானம் அதைச் சார்ந்திருக்கிறது.

இடைவெளிதான் இழப்பு

ஆப்பிரிக்காவில் பூச்சி வந்ததற்கும் குளவி வந்ததற்கும் இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். தாய்லாந்து 2009-லேயே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவியை வரவழைத்து, 2010-இல் பெருமளவில் வயல்களில் விட்டது. இந்தோனேசியா 2014-இல் தாய்லாந்திடமிருந்து பெற்றது. அங்கு இடைவெளி நான்கு ஆண்டுகள். இந்தியாவும் பெனினிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டது. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த அந்த வட்டாரத்துக்கு மரவள்ளிதான் மூலப்பொருள்.

இந்த இடைவெளிக்கு விலை கொடுப்பவர் உழவர் மட்டுமல்லர். தாய்லாந்தில் விளைச்சல் சரிந்து கிழங்கு விலை ஏறியபோது, அண்டை நாடுகளில் புதிதாக மரவள்ளி பயிரிடக் காடுகள் அழிந்ததையும், குளவி வந்தபின் அந்த அழிவு குறைந்ததையும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

அப்படியானால் குளவியை உடனே கொண்டுவந்து விட்டுவிடலாமே? கூடாது. கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935-இல் ஆஸ்திரேலியா இறக்கிய தேரை, இன்று அங்கு பெரும் தொல்லையாகிவிட்டது. அது கிடைத்ததையெல்லாம் தின்னும் பிராணி. குளவி அப்படியல்ல என்பதை ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகே அனுமதி தரவேண்டும். தாய்லாந்து விரைந்து செயல்பட முடிந்ததற்குக் காரணம், ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ முப்பது ஆண்டு அனுபவம் ஏற்கெனவே பதிவில் இருந்ததே. சோதனையைச் சுருக்கியதால் அந்த இடைவெளி குறையவில்லை. வீட்டுப்பாடம் முன்பே முடிந்திருந்தது.

ஆகவே தென்கிழக்காசிய நாடுகள் பூச்சி வந்தபின் ஓடுவதைவிட, அண்டை நாட்டில் தென்படும்போதே அதன் சரியான இனத்தையும் எதிரியையும் அடையாளம் கண்டு, விதிமுறைகளைத் தயாராக வைத்திருப்பது நல்லது. அதற்குப் பூச்சிகளை இனம் பிரித்து அறியும் வல்லுநர்கள் வேண்டும். உயிரியல் படிக்கும் மாணவர்கள் பலர் மருத்துவத்தையே குறிவைக்கிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் இரண்டு மாவுப்பூச்சிகளை வேறுபடுத்தத் தெரிந்தவரும் உயிர் காப்பவரே. மற்றவர்கள் செய்யக்கூடியது எளிது: விடுமுறைக்குப் போன ஊரிலிருந்து ஆசையாக ஒரு குச்சியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதீர்கள்.