சண்டைப் படமும் டூப் நடிகரும்

சண்டைப் படம் என்றால் படித்த கனவான்களுக்கு எப்பொழுதும் ஓர் இளக்காரம் இருந்து வருகிறது. அது தரை டிக்கெட்டுக்காரன் பார்ப்பது என்றும், அதில் ஓடுவதும் குதிப்பதும் தவிர நடிப்பென்று ஒன்றும் கிடையாது என்றும் சொல்லி விடுகிறார்கள். கண்ணீர் விட்டால் நடிப்பாம். ஓடுகிற குதிரையிலிருந்து கீழே விழுந்தால் அது நடிப்பல்லவாம்! நாம் சண்டைப் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்கள்தான். அதைச் சொல்லிக் கொள்ள நமக்கு வெட்கமில்லை. ஆனால் பார்த்துவிட்டு வெளியே வந்து யாரை மெச்சுவது என்கின்ற விஷயத்தில் நம் ஜனங்கள் கொஞ்சமும் யோசனை செய்வதில்லை என்பதே நமது குறை.

1959-ல் அமெரிக்காவில் வெளிவந்த "பென்ஹர்" படத்திற்கு 11 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்கு ஒன்று, டைரக்டர் வில்லியம் வைலருக்கு ஒன்று, சங்கீதத்திற்கு ஒன்று, உடைக்குக்கூட ஒன்று. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர் யாரையாவது நிறுத்தி, உமக்கு என்ன ஞாபகமிருக்கிறது என்று கேட்டால் தேர்ப் பந்தயம் என்றுதான் பதில் வரும். அந்தப் பந்தயத்தை ஆண்ட்ரூ மார்ட்டன் என்பவரோடு சேர்ந்து நடத்திக் காட்டியவர் யகிமா கனட். தேர் ஓட்டுகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவரும் அவரே. பந்தயத்தின் நடுவில் உடைந்து கிடக்கும் தேரின்மேல் கதாநாயகனுடைய தேர் தாவி எழும்புகிறது. ஓட்டுகிறவன் தலைகுப்புற முன்னே வீசி எறியப்படுகிறான். கொட்டகையே மூச்சை அடக்கிக் கொள்ளும் இடம் அது. அப்படி எறியப்பட்டவர் ஹெஸ்டன் அல்ல; டூப்பாக நின்ற யகிமா கனட்டின் மகன் ஜோ கனட். மோவாயில் காயத்தோடு பிழைத்தார். மறுபடியும் தேருக்குள் ஏறுகிற முகம் மாத்திரம் ஹெஸ்டனுடையது. அதைத் தனியாக எடுத்து ஒட்டினார்கள். அந்த 11 பரிசுகளில் தகப்பனுக்கும் ஒன்றில்லை, மகனுக்கும் ஒன்றில்லை. அந்த வேலைக்குப் பரிசு என்று ஓர் இனமே அப்பொழுது கிடையாது.

யகிமா கனட் 1939-ல் "ஸ்டேஜ் கோச்" படத்தில் செய்தது இதைவிட வேடிக்கையானது. ஆறு குதிரை பூட்டிய வண்டியின் முன் குதிரைமேல் பாய்ந்து, சுடப்பட்டு, குதிரைக் கால்களுக்கிடையே விழுந்து, வண்டி முழுதும் தன்மேல் கடந்து போகும்படி கிடந்தார். அதே படத்தில் கதாநாயகன் ஜான் வேனுக்குப் பதிலாகக் குதிரைகள்மேல் தாவிப் போகிறவரும் அவரேதான். சுடப்பட்டவனும் அவர், சுட்ட வீரனுக்கு உடம்பு கொடுத்தவரும் அவர். பேர் மட்டும் ஜான் வேனுக்கு! ஆஸ்கார் சபையார் இவரை ஒரு கௌரவப் பரிசு கொடுத்து ஒப்புக் கொள்ள 1967 ஆக வேண்டியிருந்தது.

டூப் போடாமல் தாமே செய்தவர்களுக்காவது மதிப்புக் கிடைத்ததா என்றால் அதுவும் சந்தேகமே. ஆஸ்திரேலியாவில் பிறந்து பம்பாய்க்கு வந்த நாடியா என்னும் பெண்மணி 1935-ல் வாடியா கம்பெனியார் எடுத்த "ஹண்டர்வாலி"யில் சாட்டை எடுத்து அக்கிரமக்காரர்களை விளாசினார். அடுத்த வருஷம் "மிஸ் பிராண்டியர் மெயி"லில் ரயிலின் கூரைமேல் நின்று சண்டையிட்டார். பெண் ஆண்களை அடிக்கிற படம் விலை போகுமா என்று விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். ஜனங்கள் தயங்கவில்லை, கொட்டகை நிறைந்தது. இருந்தாலும் சிறந்த நடிகைகள் என்று அறிவாளிகள் எழுதி வைக்கும் ஜாபிதாவில் அந்தப் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். புருஷன் காலில் விழுந்து அழுதிருந்தால் ஒருவேளை சேர்த்திருப்பார்களோ என்னவோ! மலேயாவில் பிறந்த மிஷேல் யோ 1992-ல் மோட்டார் சைக்கிளோடு ஓடுகிற ரயில்மேல் தாமே பாய்ந்தார். அவர் நடிகை என்று ஆஸ்கார் சபையார் கண்டுகொண்டது 2023-ல்.

நிற்க, இப்பொழுது கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. சண்டைக் காட்சி அமைப்புக்கென ஒரு பரிசு ஏற்படுத்துவதாகவும், 2027-ல் வெளிவரும் படங்களிலிருந்து அது கொடுக்கப்படும் என்றும் ஆஸ்கார் சபையார் 2025-ல் அறிவித்தார்கள். 1929-ல் பரிசு கொடுக்கத் தொடங்கியவர்கள்! நம் தேசத்தில் 1954-ல் தொடங்கிய தேசீயப் பரிசுகளில் இதற்கு 2017-ல்தான் இடம் வந்தது. "புலிமுருகன்" படத்திற்காகப் பீட்டர் ஹெயின் பெற்றார். ஆனால் இவையெல்லாம் காட்சியை அமைக்கிறவருக்கே அன்றி, விழுகிறவனுக்கு அல்ல.

முகத்தைப் பார்க்கத்தானே ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள் என்று படமுதலாளிகள் கேட்கலாம். கொடுக்கட்டும், முகத்துக்கு உரிய கூலியை முகம் வாங்கட்டும். எலும்பு முறிந்தவன் பேரை ஏன் மறைக்க வேண்டும் என்பதே நமது கேள்வி. நம் ஊரிலோ, விழாத கதாநாயகனின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள். மண்சாமிக்கு ஊற்றியது போதாதென்று அட்டைச்சாமிக்கும்! விழுந்தவன் பேர் படம் முடிந்த பிறகு சிறு எழுத்தில் ஓடுகிறது. அந்நேரம் கொட்டகையில் விளக்குப் போட்டு, சைக்கிள் டோக்கனைத் தேடிக் கொண்டிருக்கிறோம்.