சூறைக்குருவியும் அதன் பெயரும்

காஞ்சி மாநகரை அடுத்துப் பாலாற்றின் பக்கமாக அமைந்துள்ள ஊர் ஓரிக்கை. பட்டுத் தறியின் ஒலி கேட்கும் அவ்வூரின் பெயர்க்கு ஒரு வரலாறு கூறுவர். பல்லவ மன்னன் ஒருவன், தன்னைப் பாட மறுத்த கணிகண்ணன் என்னும் அடியவரை நாட்டைவிட்டு அகலுமாறு பணித்தான். அவருடன் அவர்தம் ஆசிரியராகிய திருமழிசையாழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வாரின் வேண்டுகோளுக்கு இணங்கித் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை' எனப் பெயர் பெற்றது. அதுவே நாளடைவில் 'ஓரிக்கை' என மருவிற்று என்பது வைணவ மரபு. மன்னன் தன் பிழையுணர்ந்து வேண்ட, அவர்கள் மீண்டும் காஞ்சிக்குத் திரும்பினர்.

வந்து தங்கிச் சென்றோரைத் தன் பெயரிலேயே நினைவில் வைத்திருப்பது இவ்வூர். இவ்வூரை உள்ளிட்ட காஞ்சி வட்டாரத்திற்கும், தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் ஆண்டுதோறும் வந்து தங்கிச் செல்லும் வேறு விருந்தினரும் உளர். அவருள் ஒருவர்க்கு மக்கள் இட்ட பெயர் நல்ல பெயரன்று. சூறைக்குருவி என்பது அப்பெயர். சோளக்குருவி, சோளப்பட்சி என்றும் அதனை வழங்குவர். அப்பெயர் முறையானதுதானா என்பது ஆராயத்தக்கது.

சூறைக்குருவி நாகணவாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. நாகணவாய் என்னும் சொல் மாணவர்க்குப் புதிதாகத் தோன்றலாம். மைனா என்றால் எவரும் அறிவர். பழைய இலக்கியங்களில் பூவை என்று வழங்குவதும் இதனையே. இக்குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள் உலகில் ஏறத்தாழ 120 வகை உள. இவற்றுள் இரண்டை ஓரிக்கையின் தெருவிலும் கழனியிலும் ஆண்டு முழுவதும் காணலாம். ஒன்று, பழுப்பு உடலும் மஞ்சள் அலகும் மஞ்சள் காலும் உடைய மைனா. பறக்கும்போது அதன் சிறகில் வெண்மை பளிச்சிடும். மற்றொன்று, கரிய கொண்டையும் வெளிறிய செம்மஞ்சள் மார்பும் உடைய கருந்தலை மைனா. இரண்டும் மரப்பொந்துகளிலும் சுவர்த் துளைகளிலும் கூடமைத்து, நீல நிற முட்டைகளை இடுகின்றன.

இக்குடும்பத்துப் பறவைகள் பலவற்றிற்கும் உரிய சிறப்பு ஒன்று உண்டு. அஃது இறகின் பளபளப்பு. ஆப்பிரிக்காவில் வாழும் பளபளப்பு மைனாக்கள் நீலமும் பச்சையும் ஊதாவுமாக ஒளிர்கின்றன. அவற்றிற்கு உறவாகிய ஒரு வகை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும், தமிழர் பலர் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. அந்நகரங்களின் சாலையோர மரங்களில் அது கூட்டமாக அமரும். நிழலில் காண்போர்க்கு அது கரிய பறவை. வெயிலில் காண்போர்க்குப் பசுமை ஒளிரும் பறவை. அதன் கண்களோ செந்நிறமானவை.

காஞ்சிப் பட்டில் மயில்கழுத்து என்னும் நிறம் பெயர் பெற்றது. பாவில் ஒரு நிற இழையும் ஊடையில் வேறு நிற இழையும் இட்டு நெய்வதனால், சேலை அசையுந்தோறும் நிறம் மாறித் தோன்றுகிறது. மைனாவின் இறகில் நிகழ்வது இதனினும் வியப்பானது. அங்குப் பச்சைச் சாயமும் இல்லை. நீலச் சாயமும் இல்லை. இருப்பவை கருநிற நுண்துகள்களே. அவை மெல்லிய ஏடுகளைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அவ்வடுக்குகளில் பட்டு மீளும் ஒளி, சில நிறங்களை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும் காட்டுகிறது. சவர்க்காரக் குமிழியின்மேல் வண்ணங்கள் தோன்றுவதற்கும் இத்தகைய காரணமே உண்டு. எனவே, காண்பவன் நிற்கும் இடம் மாறினால் பறவையின் நிறமும் மாறுகிறது. நிறத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை, பறவையின் குணத்தை மதிப்பிடுவதற்கும் பொருந்துவதாகும்.

சூறைக்குருவியின் உடல் இளஞ்சிவப்பு நிறமானது. தலை, சிறகு, வால் ஆகியவை பளபளக்கும் கருமை கொண்டவை. தலையில் பின்னோக்கிச் சாய்ந்த கொண்டை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் இந்நிறங்கள் மங்கித் தோன்றும்; இளம் பறவைகள் மணல் நிறமாக இருக்கும். இதன் தாயகம் மத்திய ஆசியாவின் புல்வெளிகள். அங்கே மே, சூன் மாதங்களில் கற்குவியல்களின் இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. குஞ்சுகள் பறக்கக் கற்றதும், கூட்டங் கூட்டமாக இந்திய நாட்டை நோக்கிப் புறப்படுகின்றது. ஆகஸ்டு மாதம் முதலாக நம் நாட்டில் காணப்படும் இப்பறவை, ஏப்ரல் மாதத்தில் மீண்டும் தாயகம் செல்கின்றது. ஆண்டில் பெரும்பகுதியை இங்கே கழிப்பதால், இதனை அயல்நாட்டுப் பறவை என்று ஒதுக்குவதும் பொருந்தாது.

இனி இதன் பெயரை நோக்குவோம். சூறை என்னும் சொல்லுக்குக் கொள்ளை என்பது ஒரு பொருள். சுழற்காற்று என்பது மற்றொரு பொருள். மாலை வேளையில் இப்பறவைகள் உறங்கும் மரங்களை அடையுமுன், பெருங்கூட்டமாக வானில் எழுந்து, சுருங்கியும் விரிந்தும், திரும்பியும் வளைந்தும் பறக்கும். அக்காட்சியைக் கண்டார்க்குச் சுழற்காற்று என்னும் பொருளே முதலில் நினைவிற்கு வரும். சோளமும் கம்பும் விளைந்த கொல்லையில் அதே கூட்டம் இறங்கக் கண்ட உழவர்க்கோ, கொள்ளை என்னும் பொருளே நெஞ்சில் நிற்கும். ஒரு சொல்லின் இருபொருளும் ஒரு பறவையிடம் பொருந்தி நிற்கின்றன.

உழவர் கூறும் குறை பொய்யன்று. கதிர் முற்றும் பருவத்தில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருங்கே இறங்கினால், சிறு நிலமுடையார்க்கு அது தாங்கொணா இழப்பேயாகும். மாதக்கணக்கில் உழைத்து விளைத்ததைக் கண்ணெதிரே இழப்பவரிடம் பறவையின் அழகைப் பேசுதல் அறமாகாது. ஆயினும், வழக்கின் ஒரு பக்கம் மட்டுமே இது. மறுபக்கத்தையும் கேட்டல் வேண்டும்.

சூறைக்குருவி தானியத்தை மட்டும் உண்டு வாழ்வதன்று. தரிசிலும் புல்வெளியிலும் வெட்டுக்கிளிகளையும் பிற பூச்சிகளையும் தேடி உண்கிறது. ஆல், அரசு முதலியவற்றின் கனிகளை உண்டு, விதைகளைத் தொலைவில் பரப்புகிறது. இலவும் முருக்கும் பூக்குங்காலத்தில் அப்பூக்களில் தேன் அருந்தி, மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது. சில வாரங்கள் கதிரை உண்பது அனைவர் கண்ணுக்கும் தெரிகிறது. பல மாதங்கள் செய்யும் இப்பணிகள் ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இப்பறவையின் தாயகத்து மக்கள் இதனை எவ்வாறு கருதுகின்றனர் என்பதும் அறியத்தக்கது. அங்கே புல்வெளிகளை அழிக்கும் வெட்டுக்கிளிகளே இதன் குஞ்சுகளுக்குத் தலையாய உணவு. வெட்டுக்கிளி பெருகிய இடத்தை நாடி இது பெருங்கூட்டமாகக் குடியேறுகிறது. உணவு குறைந்தால் வேறிடம் பெயர்கிறது. சீனத்தின் மேற்கெல்லையிலுள்ள சின்சியாங் பகுதியில், 1980-களிலிருந்து இப்பறவைகளுக்கென்றே கற்களைக் குவித்தும் கூடுகள் கட்டியும் வைத்து வருகின்றனர். நஞ்சு தெளிப்பதைக் குறைத்துப் பறவையைக் கொண்டே வெட்டுக்கிளியை அடக்குவது அவர்தம் நோக்கம். இங்கே சூறையாடுவது என்று பெயர் பெற்ற பறவை, அங்கே சூறையாடுவதைத் தடுக்கும் காவலாக மதிக்கப்படுகிறது.

அதே சீன நாடு இப்பாடத்தை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 1958ஆம் ஆண்டில், தானியத்தைத் தின்னும் சிட்டுக்குருவியை நாட்டின் பகையெனக் கருதி, மக்கள் அனைவரையும் ஏவி அழிக்க முற்பட்டனர். குருவிகள் அமரவொட்டாமல் தகரங்களைத் தட்டி ஓயாது விரட்டினர், கூடுகளைக் கலைத்தனர். குருவிகள் குறையவே, அவை உண்டுவந்த பூச்சிகள் பெருகிப் பயிரைத் தாக்கின. அக்காலத்தில் அந்நாட்டில் நேர்ந்த பெரும்பஞ்சத்திற்குக் காரணங்கள் பல; அவற்றுள் இதுவும் ஒன்று. 1960ஆம் ஆண்டில் குருவியைப் பகைப் பட்டியலினின்றும் நீக்கினர். குருவி தின்ற தானியத்தை எண்ணியவர்கள், குருவி தின்ற பூச்சியை எண்ண மறந்தனர். அக்கணக்குப் பிழைக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது.

அவ்வாறாயின், விளைந்த கதிரைப் பறவைக்கு விட்டுவிடுவதா என ஒருவர் வினவலாம். அதற்குப் பண்டைத் தமிழர் வாழ்வே விடையாக நிற்கின்றது. குறிஞ்சி நிலத்து மகளிர் தினைப்புனத்தில் பரண்மீது இருந்து, தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளிகளை ஓட்டிய செய்தியைச் சங்க இலக்கியம் பலவிடத்தும் கூறுகின்றது. அவர்கள் கிளியினத்தை அழிக்க எண்ணினாரல்லர். கதிர் முற்றும் நாள்களில் புனத்தைக் காத்தனர். காவல் என்பது வேறு. பகை என்பது வேறு. அடுத்தடுத்த கொல்லைக்காரர் ஒன்றுகூடிச் சில வாரங்கள் முறை வைத்துக் காத்தால், ஒருவர் தனித்துத் தாங்கும் சுமை பலர்க்கும் எளிதாகும். நஞ்சு வைப்பது அவ்வாறன்று. அது கதிரைத் தின்றதையும் தின்னாததையும் பிரித்தறியாது. நாளை பூச்சியைத் தின்ன வேண்டிய பறவையையும் இன்றே மாய்த்துவிடும்.

பறவையின் முழுக் கணக்கையும் அறிந்த ஊர் ஒன்று காஞ்சிக்கு அணித்தேயுள்ளது. அது வேடந்தாங்கல். ஏரி மரங்களில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் பண்டே அறிந்திருந்தனர். ஆதலின், பறவைகளை எவரும் சுடாதவாறு 1798ஆம் ஆண்டிலேயே கும்பினி ஆட்சியாரிடம் உரிமை பெற்றனர் என்பர். அவர்கள் பறவை நூல் கற்றவரல்லர். தம் வயலையும் ஏரியையும் ஆண்டு முழுவதும் உற்றுநோக்கியவர்கள், அவ்வளவே.

பறவை நல்லதா தீயதா என்று ஒரே சொல்லில் முடிவு செய்தல் எத்துணைப் பிழையானது என்பதற்கு, நம் வீட்டு முற்றத்து மைனாவே மற்றொரு சான்று. வெட்டுக்கிளியை அழிக்கும் என எண்ணி, 1762ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து மைனாக்களை மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுசென்றனர். 1862ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலும், 1865ஆம் ஆண்டில் அவாய்த் தீவுகளிலும் அவை விடப்பட்டன. சென்ற இடங்களில் அவை பெருகி, அந்நாட்டுப் பறவைகளின் பொந்துகளைக் கைப்பற்றின. களைச்செடிகளின் விதைகளைப் பரப்பின. இன்று உலகின் மிகக் கொடிய ஊடுருவும் உயிரினங்கள் நூற்றைக் குறிக்கும் பட்டியலில் மைனாவும் இடம் பெற்றுள்ளது. ஓரிக்கையின் வேப்பமரத்தில் எவர்க்கும் இடையூறின்றி வாழும் பறவை, கடல் கடந்த தீவில் தீங்காயிற்று. பறவையின் இயல்பு மாறவில்லை. அதன் இடத்தை மாற்றியவன் மனிதனே. பழி மட்டும் பறவையைச் சேர்ந்தது.

தானே பறந்து வரும் சூறைக்குருவியின் வரவு அத்தகையதன்று. அது எந்நாட்டில் எத்துணைக் காலம் தங்குவது, எதனை உண்பது, எப்போது மீள்வது என்பனவெல்லாம் நெடுங்காலப் பழக்கத்தால் அமைந்தவை. அவ்வொழுங்கிற்கு இரண்டு நாடுகளும் வேண்டும். இங்கே ஆலும் அரசும் வெட்டப்பட்டாலும், அங்கே கற்குவியல்கள் அழிக்கப்பட்டாலும் பறவை குன்றும். இங்கே நஞ்சுண்டு இறக்கும் பறவைகளால், அங்கே வெட்டுக்கிளி பெருகும். முகமறியாத ஓர் இடையனின் ஆடுகள் மேய்ச்சலின்றி வாடும். ஒரு நாட்டார் செய்யும் செயல் மற்றொரு நாட்டாரைச் சேருமாறு, இப்பறவையின் சிறகு இரண்டையும் பிணைத்துள்ளது.

ஒருபக்கச் சொல்லை மட்டும் நம்பித் தீர்ப்பளித்த பாண்டியன் அடைந்த முடிவைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. பேசவல்ல மனிதரின் வழக்கிலேயே அத்தகைய பிழை நேருமாயின், தன் வழக்கைத் தானே உரைக்கவியலாத பறவைக்குத் தீர்ப்புக் கூறுவோர் எத்துணை எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்! ஒரு பருவத்தின் இழப்பைக் கண்டு இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அதனை இனி மாற்றுதல் அரிது. ஆயின், சூறை என்னும் சொல்லின் இருபொருளுள் எதனை உள்ளத்திற்கொள்வது என்பது மக்கள் கையிலேயே உள்ளது. கதிர் முற்றும் நாளில் கொல்லையைக் காப்பதும், ஏனைய நாளில் பறவையைக் காப்பதும் ஆகிய இரண்டும் ஒருங்கே இயலும். இரண்டையும் செய்வதே அறிவுடைமை.