அடி உதவாது!

மகனின் சட்டைப் பையில் இனம் தெரியாத மாத்திரை அட்டை ஒன்று அகப்படுகிறது. அல்லது, இரவில் நேரங்கழித்து வரும் பிள்ளையிடம் மது வாடை வீசுகிறது. பெற்றோர் என்ன செய்கின்றனர்? ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று தடியைத் தூக்குகின்றனர். மறுநாளோ, வெளியில் தெரிந்தால் குடும்ப மானம் போய்விடுமென்று வாயை மூடிக் கொள்கின்றனர். இரண்டுமே தவறு என்பதை நாம் வற்புறுத்திக் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சந்தேகம் வேறு, சான்று வேறு. மதிப்பெண் குறைவதும், பழைய நண்பர்களை விட்டு விலகுவதும், தூக்கம் கெடுவதும் போதையால் நேரலாம், மனச்சோர்வாலும் நேரலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டும். போதையில் இருக்கும்போது கேட்டுப் பயனில்லை. எழுப்பியும் எழாமல், மூச்சுத் தடுமாறினால் விசாரணை எதற்கு? ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைப்பதே கடமை. மற்றபடி, தெளிந்த பிறகு தனியே உட்கார வைத்து, கண்டதைக் கூறி, அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நாள்தோறும் குடித்துவிட்டு வரும் தந்தை, முதலில் தம்மைத் திருத்திக் கொண்டு பிறகு பேசுவாராக!

பழக்கம் முற்றியிருப்பின் மருத்துவரிடம் செல்லத் தயக்கம் ஏன்? 14446 என்ற இலவசத் தொலைபேசியில் ஆலோசனை கிடைக்கிறது. வழக்கு வருமென்ற அச்சமா? சிறிதளவு போதைப் பொருள் வழக்கில் சிக்கிய அடிமைகூட, தாமே முன்வந்து, அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு அவருக்கு விலக்களிக்கிறது.

கோபமே கூடாதென்று நாம் கூறவில்லை. அது பாய வேண்டிய இடம் வேறு என்கிறோம். சிறுவர்க்கு மதுவோ போதைப் பொருளோ கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டென்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு. அந்தப் பிரிவை ஏட்டில் உறங்கவிடலாமா? 2003 முதல் மதுவைச் சில்லறையில் தானே விற்கும் தமிழ்நாடு அரசு, 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாதென்ற விதியை ஒவ்வொரு கடையிலும் கண்டிப்புடன் நிறைவேற்றட்டும்!

அடிபட்ட பிள்ளை வீட்டைவிட்டு எங்கே போவான்? தெருமுனையில் விற்பவன் அவனுக்காகக் காத்திருக்கிறான். பெற்றோரே, அவனிடம் உங்கள் பிள்ளையை நீங்களே விரட்டி விடாதீர்கள்!