டயரை மட்டும் பெருசாக்கினா போதுமா? பல்லை எண்ணினீங்களா?

இந்தத் தடவை நெல்லும் இல்ல, தண்ணியும் இல்ல. ஜீப்பு.

சனி ஞாயிறு ஆனா உய்யக்கொண்டான் கரையில தூக்கிக் கட்டின ஜீப்புங்க வரிசையா வருது. இடுப்பு உயரத்துக்கு டயர். ஓட்டுறதெல்லாம் படிச்ச பிள்ளைங்க. "கிரவுன் பினியன் என்ன கணக்கு தம்பி?"ன்னு கேட்டா முழிக்கிறாங்க. டயர் என்ன விலைன்னு மட்டும் நல்லா தெரியுது.

நான் சொல்றது ஒண்ணுதான். சக்கரத்தை மாத்துறவன் பல்லையும் மாத்தணும். அதுக்கு மனசில்லைன்னா சக்கரத்தைத் தொடக்கூடாது.

அச்சுக்கு நடுவுல உருண்டையா ஒரு கூடு இருக்கு பாருங்க, அதுக்குள்ள சின்னப் பல்சக்கரம் பினியன், பெருசு கிரவுன். பினியன்ல 10 பல்லு, கிரவுன்ல 41 பல்லுன்னா கணக்கு 4.10. தண்டு நாலு சுத்துக்கு மேல சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். எஞ்சினோட பலம் சக்கரத்துக்குப் போறது இந்த வழியாத்தான்.

31 அங்குல டயரைக் கழட்டிட்டு 35 போடுறீங்க. ஒரு சுத்துக்கு வண்டி முன்னைவிட நூத்துக்குப் பதிமூணு பங்கு அதிக தூரம் போகுது. ஓடுற தூரம் கூடினா இழுக்குற பலம் அதே அளவுல பெருக்கல் கணக்குல குறையும். கடப்பாரையை நுனியில பிடிச்சு அழுத்தினா கல்லு பெயரும், அடியில பிடிச்சா பெயராது. பெரிய டயர் போட்டு நீங்க எஞ்சினை அடியில பிடிக்க வைக்கிறீங்க.

சரிபண்ண நாலாங்கிளாஸ் கணக்கு போதும். 4.10-ஐ 35-ஆல பெருக்கி 31-ஆல வகுங்க. 4.63 வரும். அதே கணக்குல ஜோடி கிடைக்காது. பக்கத்துல இருக்கிறது 41-க்கு 9, அதாவது 4.56. அடுத்தது 39-க்கு 8, அதாவது 4.88. அதிகம் நெடுஞ்சாலையில ஓட்டுறவங்களுக்கு 4.56. சுமை, மலை, சேறுன்னா 4.88. உங்க அச்சுக்கு எது கிடைக்கும்னு முதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் டயர் கடைக்குப் போங்க. இன்னொண்ணு, கணக்கு ஏற ஏற பினியன் சின்னதாகும், பலமும் குறையும். அதனால இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது.

சில பேரு காசு மிச்சம் பிடிக்கிறேன்னு பின் அச்சை மட்டும் மாத்துறாங்க. இதைவிட மடத்தனம் இல்ல. முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்குன்னா நாலு சக்கரமும் இழுக்கப் போட்ட உடனே ரெண்டு அச்சும் ஒண்ணை ஒண்ணு இழுத்துச் சண்டை போடும். நடுவுல இருக்கிற கியர்ப்பெட்டி நொறுங்கும். நாலு சக்கர டிராக்டர் வச்சிருக்கிற எவனும் பின் டயரை மட்டும் வேற அளவுல போடமாட்டான். முன்னும் பின்னும் ஜோடிக் கணக்குன்னு அவனுக்குத் தெரியும்.

"இப்ப வர்றது டர்போ எஞ்சின், அதெல்லாம் இழுக்கும்"னு சொல்றாங்க. இழுக்கும், சரி. நின்ன வண்டியைக் கிளப்பும்போது தேயுறது யாரு? கிளட்ச். நிறுத்தும்போது டர்போ என்ன செய்யும்? டயர் பெருசானா பிரேக்கோட பிடிமானமும் அதே கணக்குல குறையுது. பல்லை மாத்தினாலும் அது திரும்பி வராது.

சரி, சேத்துலயாவது பிரயோஜனம் உண்டா? லிப்ட் கிட் போட்டா வண்டி உடம்புதான் மேல போகும். பின் அச்சு உருண்டை இருந்த இடத்துலயே இருக்கும். அதைத் தூக்குறது டயர் மட்டும்தான். நாலு அங்குலம் பெரிய டயர் போட்டா ரெண்டே அங்குலம் உயரும். அந்த ரெண்டு அங்குலத்துக்கா இவ்வளவு செலவு?

ரெண்டாம் உலகப்போர்ல ஓடின வில்லீஸ் ஜீப்பைப் பாருங்க. 60 குதிரைசக்தி எஞ்சின். டயர் 6.00-16, ஒல்லி. ஆனா அச்சுக் கணக்கு 4.88. அதுக்கு மேல லோ லீவரைப் போட்டா இழுவை இன்னும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சேறும் மணலும் தாண்டினது டயர் உயரத்தால இல்ல, பல்லுக் கணக்காலதான். எங்க ஊரு சிட்கோ பக்கம் லாரிப் பட்டறைக்குப் பஞ்சமில்ல. அங்க போய்க் கேளுங்க. டிப்பருக்கு ஒரு கணக்கு, தூர ஓட்டத்துக்கு ஒரு கணக்குன்னு சொல்லுவாங்க. பிழைப்புக்கு வண்டி ஓட்டுறவன் பல்லைப் பாக்குறான், பவுசுக்கு ஓட்டுறவன் டயரைப் பாக்குறான்.

இது உங்க காசு, உங்க வண்டின்னு விட்டுட்டுப் போக முடியல. காரணம் ரோடு. அளவு மாறின டயருக்கு மீட்டரைத் திருத்தலைன்னா முள்ளு 60 காட்டும்போது நீங்க போறது 68. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் அணுகுசாலை கேட்டு எங்க ஜனங்க எத்தனையோ வருஷம் போராடியிருக்காங்க. பால் கேனோட டிவிஎஸ்-ல வர்றவரும், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல போற பிள்ளையும் வந்து ஏறுறது அந்தத் தஞ்சாவூர் ரோட்டுலதான். உங்க முள்ளு சொல்ற பொய்யும், உங்க பிரேக் தாண்டிப்போற அந்த நாலடியும் அவங்க தலையில விடியும்.

சட்டமும் என் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிச்ச விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்சநீதிமன்றமும் அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

அதனால தம்பிகளா, பந்தயத் திடலுக்கோ சொந்தத் தோட்டத்துக்கோ மட்டும்னு வண்டி கட்டுறீங்கன்னா பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டு, முன்னும் பின்னும் பல்லை மாத்தி, பிரேக்கையும் பலப்படுத்திக் கட்டுங்க. ரோட்டுக்குத்தான் வண்டின்னா கம்பெனி போட்டுக் குடுத்த டயரோடயே வாங்க. வரப்பு வரைக்கும் அதுவே வரும். அதுக்கு மேல நாங்களே நடந்துதான் போறோம்.