வானத்துல நாலு மணி, தரையில பன்னெண்டு மணி!



"சிங்கப்பூர் நாலு மணி நேரம்தான்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழி தூரம் சுமார் 2,900 கி.மீ. விமான வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்துப் பாருங்கள். மூணே முக்கால் மணி நேரம்கூட வராது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால் சுமார் நாலு மணி ஆகிறது.

சென்ற ஆண்டு எங்க ஆயா இறந்துட்டாங்க. மூத்த மகனான பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர்தான் கொள்ளி வைக்கணும். திருச்சி விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. "எட்டு மணிக்கு ஃபிளைட், ஒன்பதரைக்கு மெட்ராஸ்ல இறங்கிடுவேன்" என்று போனில் சொன்னார். ஒன்றரை மணி நேரத்திலா என்று குழம்பினேன். சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே எட்டு என்றால் இங்கே அஞ்சரை. அதோடு நாலைக் கூட்டினால் ஒன்பதரை. கணக்கு சரிதான்.

"அப்போ மதியம் எடுத்துடலாம்" என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். மதியம் போச்சு, மணி மூணும் ஆச்சு. "பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும், இன்னும் எவ்வளவு நேரம் வெச்சிருக்கிறது?" என்று சத்தம் வந்தது. அப்பா தெருமுனையிலேயே நின்றார். பெரியப்பா வந்து சேர்ந்தபோது மணி அஞ்சரை. ஆயா முகத்தை நல்லா பார்க்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கலை.

பிறகு நான் கணக்குப் போட்டேன். அவர் அறையை விட்டுக் கிளம்பியது நம்ம நேரப்படி இரவு ஒன்றரை மணிக்கு. மொத்தம் 16 மணி நேரம். பறந்தது 4 மணி, கால் பங்குதான். சென்னையில் இறங்கிய பிறகு பாஸ்போர்ட் வரிசை, கிளாம்பாக்கம், சிதம்பரம் பஸ், டவுன் பஸ் என்று எட்டு மணி நேரம்!

விமானம் பக்கத்தில் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். 2017-ல் உடான் திட்டத்தில் நெய்வேலி – சென்னை விமானம் என்று அறிவித்தார்கள். சொன்னபடி அது வரவில்லை. வந்தாலும் நெய்வேலியிலிருந்து ஊருக்கு பஸ்தானே?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ. விமான வேகத்தில் மூணு நிமிஷம்தான்! ஆனால் மூணு நிமிஷத்தில் விமானம் முழு உயரத்துக்கு ஏறக்கூட முடியாது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தைக் குறைக்க நல்ல சாலையும், நேரத்துக்கு வரும் பஸ்ஸும்தான் முதலில் வேண்டும். விமானம் ஏறாதவர்களுக்கும் அது உதவும்.

இனிமேல் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், "ஃபிளைட் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்காதீங்க. "நம்ம வாசலுக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேளுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி